மத்தி மீனும் மொபைல் டவரும்: ஒரு பேராசிரியரின் கணக்கும் என் மாமாவின் கணக்கும்

1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. நம் வீடுகளில் பொங்கல் பானை அடுப்பேறிய காலை. அதே நாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, கேரளாவின் வடகரை கடற்கரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தி மீனை வாங்க ஆள் இல்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அன்று அந்தக் கரையில் மீன் குவிந்துவிட்டது. வியாபாரிகள் தங்களுக்கு வேண்டியதை வாங்கி முடித்துவிட்டார்கள். மிச்ச மீனுக்கு விலையே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் அதே நேரத்தில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வீடு திரும்பத் தயாராக நின்றார்கள். இங்கே மீன் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே ஆள் இருக்கிறது, மீன் இல்லை. இருவருக்கும் நடுவே இல்லாமல் போனது ஒரே ஒரு தகவல்தான்.

அந்தக் காலையை ஒரு அட்டவணையாகப் பதிவு செய்து வைத்தவர், அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஜென்சன். 2007-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளியான அவருடைய ஆய்வு, செல்போன் ஏழைகளுக்கு உண்மையில் பயன்படுகிறதா என்று பேசும் இடங்களில் எல்லாம் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்பவள். 2025 ஜூலை 31-ம் தேதி இந்தியாவில் செல்போன் வந்து 30 வருடங்கள் ஆகின்றன என்று ஒரு ஸ்டோரி தயார் செய்யும்போதுதான் இந்த ஆய்வு என் கண்ணில் பட்டது. 1995-ல் அதே தேதியில் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் முதல் அழைப்பு. அப்போது ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆகும், வரும் அழைப்புக்கும் காசு என்பதையெல்லாம் கார்டுகளாகப் போட்டு முடித்துவிட்டேன். இந்த மீன் கதையை மட்டும் அப்படி ஒரு கார்டில் முடிக்க மனம் வரவில்லை.

காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. நாகை மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான் இதழியல் டிப்ளமோ படித்தபோது ஒரு செமஸ்டர் ஃபீஸ் அவர் பிடித்த மீனில் இருந்து வந்தது. கரையில் மீன் விலை விழுந்தால் எங்கள் வீட்டில் என்னென்ன தள்ளிப்போகும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பேராசிரியர் எடுத்த கணக்கு

ஜென்சனின் ஆய்வு எப்படி நடந்தது என்பதே சுவாரஸ்யமானது. வட கேரளாவின் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகள். 300 மத்தி மீன்பிடிப் படகுகள். 1996-லிருந்து 2001 வரை வாரம் ஒரு முறை, எந்தக் கரையில் எத்தனை மீன், என்ன விலை, எவ்வளவு வீணானது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

மீன் வியாபாரம் அரிசி வியாபாரம் மாதிரி இல்லை. அரிசிக்கு விலை இல்லையென்றால் மூட்டையை அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம். மீன் காத்திருக்காது. அந்தக் கரைகளில் காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் விற்றாக வேண்டும். டீசல் செலவையும் நேரத்தையும் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு கரைக்குத்தான் போக முடியும். அங்கே விலை இல்லை என்று தெரிந்து அடுத்த கரைக்குப் போவதற்குள் சந்தை கலைந்துவிடும். அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொந்த ஊர்க் கரைக்கே திரும்புவார்கள். நல்ல மீன்பாடு கண்ட நாளில் ஊரே மீன் கொண்டுவரும். விலை விழும். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவிகிதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டவர்கள் வந்தன. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997 தொடக்கத்தில், கண்ணூருக்கு 1998-ல், காசர்கோட்டுக்கு 2000-ல் என்று படிப்படியாக வந்தன. ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே கடல், ஒரே மீன், ஒரே மாதிரி மக்கள். ஒரு மாவட்டத்தில் போன் இருக்கிறது, பக்கத்து மாவட்டத்தில் இல்லை. வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம்.

பார்த்தார். டவர் வந்த மாவட்டத்தில், அதுவரை தாறுமாறாக ஏறி இறங்கிய விலை சில வாரங்களில் அடங்கியது. பக்கத்துப் பக்கத்துக் கரைகளில் ஏறக்குறைய ஒரே விலை வந்தது. டவர் வராத மாவட்டத்தில் பழைய ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. அங்கேயும் டவர் வந்ததும் அடங்கியது. அதுவரை வேறு கரைக்குப் போய் விற்பவர்களே கிட்டத்தட்ட இல்லை. போன் வந்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மீனவர்கள் அப்படி விற்றார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றேபோனது.

மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது. அதே சமயம் மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். கொட்டப்பட்ட மீன் சாப்பாட்டுத் தட்டுக்குப் போனதால் வந்த லாபம் இது. போன் வாங்கிய செலவு இரண்டே மாதத்தில் திரும்பிவிட்டது என்பது அவர் கணக்கு.

கடலுக்கு யாரும் டவர் போடவில்லை

இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். அந்த மீனவர்களுக்காக யாரும் டவர் போடவில்லை. மீனவர் நலத்திட்டம், மானியம் எதுவும் கிடையாது. தனியார் கம்பெனிகள் நகரத்து வாடிக்கையாளர்களுக்காக டவர் வைத்தன. வட கேரளாவின் நகரங்கள் பெரும்பாலும் கடலை ஒட்டியே இருப்பதால், சிக்னல் கரையைத் தாண்டிக் கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் வரை போய் விழுந்தது. அந்த வட்டத்துக்குள்தான் மத்தி பிடிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அதிர்ஷ்டம்.

அரசின் கொள்கை முடிவுகள் அதற்குப் பிறகு போனை மலிவாக்கின. 1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, கம்பெனிகள் பெரிய தொகையை லைசென்ஸ் கட்டணமாகக் கட்டும் முறையை மாற்றி, வருமானத்தில் பங்கு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2003 மே மாதத்திலிருந்து வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. ஊர் உலகத்தில் எல்லோர் கைக்கும் போன் வந்தது இதற்கு அப்புறம்தான்.

என் மாமா முதல் போன் வாங்கியது சுனாமிக்கு அடுத்த வருடம். 2004 டிசம்பர் 26-ல் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகை மாவட்டம்தான். அன்று காலை புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் நடத்திவந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை ஊர் முழுக்கப் போனது. மக்கள் ஓடித் தப்பினார்கள். அலையின் உயரத்தையும் மீன் விலையையும் சொல்லத்தான் அந்த ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருந்தது. தினமும் அதைக் கேட்டுப் பழகியிருந்ததால், அன்று அது சொன்னதையும் ஊர் நம்பியது.

“அந்த மாதிரி ஒரு போன் நம்ம ஊருக்கும் வந்திருந்தா...” என்று மாமா சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விடுவார். நானும் கேட்க மாட்டேன்.

விலை தெரியும், ஆனா...

ஆய்வைப் படித்த வாரத்தில் மாமாவுக்கு போன் போட்டேன்.

“மாமா, கடல்ல இருக்கும்போதே கரையில என்ன விலைன்னு கேட்பீங்களா?”

“கேக்காம? டவர் கிடைச்சதும் மொத வேலை அதான் பாப்பா. நாலு பேருக்கு அடிப்பேன். இப்ப குரூப்புலயே ஏலம் என்ன போச்சுன்னு போட்டுர்றானுவ.”

“அப்போ விலை ஜாஸ்தியா இருக்கிற கரைக்குப் போயிடுவீங்களா?”

சிரித்தார். “எங்கேர்ந்து போறது? போன வருஷம் இன்ஜின் வாங்கினேனே, யாரு பணம் குடுத்தா? அவருக்குத்தானே மீனு.”

எங்கள் கரையில் பலருக்கும் இதுதான் நிலைமை. இன்ஜினுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். பத்திரம், ஜாமீன் எதுவும் கேட்க மாட்டார். வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்றாலும் ராத்திரியில் கதவைத் தட்டலாம். அதற்குப் பதிலாக, கடன் அடையும்வரை மீன் அவருக்குத்தான். அவர் போடுவதுதான் விலை, பிடித்துக்கொள்வதுதான் கமிஷன்.

“அப்போ போனால பிரயோஜனமே இல்லையா மாமா?”

“அப்படிச் சொல்லாத. முன்ன, ‘இன்னிக்கு மார்க்கெட்டே படுத்துருச்சு’ம்பாரு. நாம தலையாட்டணும். இப்ப, ‘பக்கத்துக் கரையில இவ்ளோ போச்சாமே’ன்னு கேக்குறோம்ல. கிலோவுக்குப் பத்து ரூவாயாச்சும் ஏத்துவாரு. ஆனா விலை தெரிஞ்சுட்டா மட்டும் மீனத் தூக்கிட்டு அங்க ஓடிர முடியாது.”

ஜென்சனின் ஆய்வு வந்து சில வருடங்கள் கழித்து ஜானகி சீனிவாசன், ஜென்னா பர்ரெல் என்ற இரு ஆய்வாளர்கள் மறுபடி கேரளக் கடற்கரைக்குப் போனார்கள். 2013-ல் வந்த அவர்களுடைய ஆய்வு ஏறக்குறைய மாமா சொன்னதைத்தான் சொல்கிறது. போன் எல்லாக் கரையிலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. எந்த வகைப் படகு, எந்த மீன், அந்தக் கரையில் ஏலம் விடுகிறவருக்கும் மீனவருக்கும் இடையே உள்ள உறவு, கொடுக்கல் வாங்கல் என்பதைப் பொறுத்தே, விலை கேட்டு கரை மாற்றுவது நடக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

பேராசிரியரின் கணக்கு தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் பார்த்த கரைகளில், அவர் பார்த்த மீனில் நடந்தது உண்மை. அந்த 8 சதவிகிதம் எல்லா ஊருக்கும் தானாக வந்துவிடாது என்பதும் உண்மை. தகவல் கிடைப்பது ஒன்று. அதை வைத்து முடிவெடுக்க முடிவது இன்னொன்று. இரண்டாவதற்கு நியாயமான வட்டியில் கடன் வேண்டும். விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் நீட்டிப்பதாக 2018-ல் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். டவர் செய்தியும் கடன் செய்தியும் பேப்பரில் வேறு வேறு பக்கத்தில் வரும். மாமாவின் படகில் இரண்டும் ஒரே செய்திதான்.

அத்தையின் ‘லாஸ்ட் சீன்’

விலைக்கு மட்டும்தான் போன் என்றால் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். உயிர்க் கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது.

மாமா அதிகாலை மூன்று மணி வாக்கில் கிளம்புவார். அத்தை எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் வாட்ஸ்அப்பில் மாமாவின் ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பார். ‘3.52’ என்று இருந்தால், அதுவரை டவரில் இருந்தார் என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த எண் மாறாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் எங்கள் பக்கம் டவர் போய்விடும் என்பார் மாமா. மறுபடி ‘ஆன்லைன்’ என்று வரும்வரை அத்தை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார். மெசேஜ் எதுவும் அனுப்ப மாட்டார். ‘ஆன்லைன்’ என்று பார்த்துவிட்டால் போதும், குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விடுவார்.

மாமா போவது ஒரு நாள் தொழிலுக்கு. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்கள் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். புயல் என்ற அறிவிப்பு வந்தது 30-ம் தேதி. எத்தனை டிவியில் சொன்னாலும், எத்தனை மொபைலுக்கு மெசேஜ் அனுப்பினாலும், டவர் இல்லாத இடத்தில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் கரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சில முயற்சிகள் நடந்தன. 2019 அக்டோபரில் மத்திய அரசு ‘ஜெமினி’ என்ற கருவியை அறிமுகம் செய்தது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அனுப்பும் எச்சரிக்கையை, செயற்கைக்கோள் வழியாக வாங்கி மீனவரின் மொபைலில் காட்டும் கருவி அது. டவர் தேவையில்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை. கரையிலிருந்து சொல்வது கேட்கும். ‘இன்ஜின் நின்னுபோச்சு, காப்பாத்துங்க’ என்று கடலிலிருந்து சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போகக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். மதிப்பு 360 கோடி ரூபாய். மாமாவின் படகில் இதை எழுதும் நாள்வரை அது இல்லை. “எழுதிக் குடுத்துருக்கோம், வரும்” என்கிறார்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நாம் ரீசார்ஜ் செய்யும் காசில் தொலைத்தொடர்பு கம்பெனிகளுக்கு வரும் வருவாயில், அரசு கணக்கிடும் தொகைக்கு 5 சதவிகிதம் ஒரு பொது நிதிக்குப் போகிறது. கம்பெனிகளுக்கு லாபம் தராத கிராமங்களுக்கும் தொலைதூர இடங்களுக்கும் தொலைத்தொடர்பைக் கொண்டுபோகத்தான் 2002-ல் அந்த நிதி தொடங்கப்பட்டது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். அதாவது டவர் எங்கே வேண்டும் என்று கேட்கும் உரிமை, ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

‘ரெட் அலர்ட்’னா என்ன பண்றது?

அக்டோபர் தொடங்கிவிட்டால் எங்கள் டெஸ்க்கில் வானிலைதான் முதல் செய்தி. ‘நாகைக்கு ரெட் அலர்ட்’ என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் லட்சக்கணக்கான போன்கள் ஒலிக்கும். 2023-ல் திடீரென எல்லோர் மொபைலும் அலறியதே, அந்த அவசர எச்சரிக்கைச் சோதனையும் டவர் இருக்கும் இடத்தில்தான் அலறும்.

மாமாவிடம் கேட்டேன், எங்கள் அலர்ட்டைப் பார்ப்பீர்களா என்று.

“வரும் பாப்பா. ‘ரெட் அலர்ட்’னு மொட்டையா போட்டா நான் என்னத்தப் பண்றது? காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து, எத்தன மணிக்கு மேல, எவ்ளோ வேகம்? வலைய இப்ப வாங்கிட்டுக் கிளம்பணுமா, ரெண்டு மணி நேரம் இருக்கா? அதச் சொல்லுங்க. மழைக்கு லீவா இல்லையான்னு பாக்குற புள்ளைவளுக்கு செவப்பு போதும். எனக்குப் பத்தாது.”

வடகரை மீனவருக்கு 1997-ல் தேவைப்பட்டதும் இதே மாதிரி ஒன்றுதான். ‘மீன் விலை சரிவு’ என்று பொதுவாக ஒரு செய்தி வந்திருந்தால் அவர் மீனைக் கொட்டாமல் இருந்திருக்க மாட்டார். இந்தக் கரையில் ஆள் இல்லை, அந்தக் கரையில் 27 பேர் நிற்கிறார்கள், எட்டு மணிக்குள் போனால் விற்கலாம் என்ற தகவல் படகில் இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டும். டவர் வந்த பிறகு அது கிடைத்தது. அதனால்தான் அந்த 8 சதவிகிதம்.

இந்தப் புயல் சீசனில் எங்கள் டெஸ்க்கில் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். கடலோர மாவட்டச் செய்தி என்றால் காற்றின் திசை, வேகம், நேரம், எந்தக் கடல் பகுதி என்ற நான்கும் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். சிக்னல் ஒரு நிமிடம் கிடைத்து அறுந்தாலும் அவ்வளவு படித்துவிடலாம். டவர் போட என்னால் முடியாது. மாமாவின் கடனை அடைக்க இப்போதைக்கு வழியில்லை. இரண்டு வரியை ஒழுங்காக எழுத முடியும்.

உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால், உங்கள் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் டவர் அறுபடுகிறது, படகில் டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டதா என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். ஊர் பெயரோடு எழுதுங்கள். கரை கரையாக அதைத் தொகுத்துப் போட்டால், நம்ம கடலில் சிக்னல் எதுவரை இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். அத்தைதான் முதலில் பார்ப்பார்.